மேற்பல்லும் கீழிதழும்

தமிழ் நெடுங்கணக்கின் பதினெட்டு மெய்களுள் பல்லையும் இதழையும் ஒருங்கே தொழிற்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். அது வகரம். பெரும்பாலான மெய்களில் நாவின் ஆட்சியே மேலோங்கி நிற்கின்றது. பகரமும் மகரமும் நாவை விடுத்து இதழ்களைத் துணைக்கொள்வன. எனினும் அவற்றிற்குப் பல்லின் உதவி வேண்டுவதில்லை. மேல் முன்பற்களின் ஓரத்தைக் கீழிதழ் மெல்லச் சென்று அணுக, இடையே உயிர்ப்பு நழுவி வரும் அச்சிறு நிகழ்ச்சி வகரத்திற்கு மட்டுமே உரியது. வா, வீடு, வயல், வெயில், வேர் என்று நாள்தோறும் ஆயிரம் முறை நம் வாயில் அது நிகழ்கின்றது. நாம் அதனை நோக்குவதே இல்லை.

நோக்கியவர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில், இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பன பகரமும் மகரமும் என்று கூறிய அவர், வகரத்தை அவற்றோடு சேர்த்து ஓட்டிவிடவில்லை. அதற்கென ஒரு நூற்பாவைத் தனியே ஒதுக்கி, அது பல்லும் இதழும் கூடப் பிறக்கும் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மேலும் ஒருபடி சென்று, அப்பல் மேற்பல் என்று தெளிவுபடுத்தினார். கருவி எதுவும் கையில் இல்லாத காலத்தில் தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கண்ட முடிபுகள் இவை.

பிறப்பிடத்தைச் சொன்னதைவிட வியப்பிற்குரியது, அவ்வெழுத்தை அவர்கள் எவ்வினத்தில் வைத்தனர் என்பது. வகரம் வல்லினத்திலும் இல்லை, மெல்லினத்திலும் இல்லை, இடையினத்தில் உள்ளது. 1886ஆம் ஆண்டு பாரிசில் தோன்றிய அனைத்துலக ஒலியியற் சங்கம் இன்று வகுத்துள்ள குறியீட்டு அட்டவணையை எடுத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கீழிதழும் மேற்பல்லும் கூடும் அதே இடத்தில் மூன்று ஒலிகளை அவ்வட்டவணை பிரித்துக் காட்டுகின்றது. இதழ் பல்லை அழுத்த, குரல் கலவாத வெறும் காற்று உரசி வெளிவந்தால் அது ஆங்கிலத்தின் ‘எஃப்’ எழுத்தொலி. அவ்வுரசலோடு தொண்டையின் அதிர்வும் சேர்ந்தால் அது ‘வி’ எழுத்தொலி. இதழ் பல்லை நெருங்குமே தவிர, உரசல் கேட்கும் அளவிற்கு அழுத்தாதிருந்தால் அது மூன்றாவது ஒலி. அதற்கென்றே தனிக்குறி உண்டு. அம்மூன்றாவதுதான் நம் வகரம். வன்மையும் இன்றி மூக்கொலியும் இன்றி இடைநிற்பது என்று நம் முன்னோர் கண்டதும் இதுவே அன்றோ!

வேறு இரண்டு விதிகளிலும் இந்நுண்ணறிவு ஒளிந்து கிடக்கின்றது. சொல்லின் முதலில் உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிர்களோடு வகரம் வாராது என்பது தொல்காப்பியர் விதி. மாணாக்கர் இதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்து போகின்றனர். ஏன் வாராது என்று கேட்பார் அரியர். இந்நான்கும் இதழ் குவித்து ஒலிக்கும் உயிர்கள். இதழைக் குவித்தால் அது பல்லை விட்டு முன்னே போய்விடும். பல்லை அணுகினால் குவிவு கெடும். ஒரே இதழ் ஒரே நொடியில் இரண்டு வேலை செய்ய மறுக்கின்றது. ஆங்கிலத்தில் வாக்களிப்பைக் குறிக்கும் ‘வோட்’ என்னும் சொல் தமிழர் நாவில் ‘ஓட்டு’ என்று ஆனதற்கும் இதுவே காரணமாதல் கூடும். தொல்காப்பியத்தை ஒரு பக்கமும் படித்திராத தோட்டப்புற மக்கள்கூடத் தொல்காப்பியர் விதி வழுவாது வாக்களித்து வந்துள்ளனர் எனலாம்.

மற்றொன்று மகரக்குறுக்கம். வகரத்தின் முன் நிற்கும் மகரம் தன் அரை மாத்திரையிற் குறைந்து கால் மாத்திரையாக ஒலிக்கும் என்பர். ‘வரும் வழி’ என்று சற்று விரைந்து சொல்லிப் பார்க்க வேண்டும். மகரத்திற்காக இரண்டு இதழும் முற்றிலும் ஒட்டி நிற்பதற்குள், அடுத்து வரும் வகரத்தை எண்ணிக் கீழிதழ் பல்லை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றது. மகரத்தின் ஆயுள் அங்கே குறைகின்றது. இலக்கணம் என்பது வறட்டு விதிகளின் கட்டு என்று எண்ணும் மாணவனை ஒரு கண்ணாடியின் முன் நிறுத்தி இவ்விரண்டு சொற்களையும் சொல்லச் செய்தால் அவன் எண்ணம் மாறக்கூடும்.

இத்துணை நுட்பமாகப் பல்லையும் இதழையும் அறிந்த மொழிக்குரிய பிள்ளை, பிறமொழி வகுப்பில் அதே பல்லாலும் இதழாலும் இடர்ப்படுகின்றான் என்பதே இங்கு எண்ணத்தக்கது. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவன் ஏழு வயது தொடங்கித் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கு வாய் திறக்கின்றான். தமிழில் உரசும் ‘எஃப்’ ஒலி இல்லை. ஆகவே அவன் அருகிலுள்ள பகரத்தைக் கொண்டு ஈடு செய்கின்றான். தேர்வில் ‘பாஸ்’ ஆனானா, ‘பெயில்’ ஆனானா என்று வீட்டில் கேட்கின்றனர். அந்தப் ‘பெயில்’ ஆங்கிலக் காதிற்கு வாளி என்று கேட்கும். பள்ளிக்குக் கட்டும் ‘பீஸ்’ ஆங்கிலேயருக்குத் துண்டு ஆகிவிடும். மேலே சுழலும் மின்விசிறி எழுத்தில் ‘பேன்’ ஆகித் தலையில் ஊர்கின்றது! வகரத்திலும் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தின் ‘வி’, ‘டபிள்யூ’ ஆகிய இரண்டிற்கும் தமிழ்ப்பிள்ளை ஒரே வகரத்தைத் தருகின்றான். மேற்குத் திசையும் உள்ளாடையும் அவன் வாயில் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக் கல்வி முடிந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போதுதான் இதன் வலி தெரிகின்றது. பல இனப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் எழுந்து வாசிக்கின்றான். ஓரிடத்தில் உரசொலி பகரமாகின்றது. பின்வரிசையில் சிரிப்பு எழுகின்றது. வாசிப்பில் வந்த பிழை மறுநாளே மறந்துவிடும். சிரிப்பு மறப்பதில்லை. விடை தெரிந்தும் கை தூக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளையை எந்தத் தேர்வுத்தாளும் காட்டிக் கொடுக்காது. ‘தமிழனுக்கு அவ்வொலி வாராது’ என்று ஆசிரியரே சொல்லிவிடுவாராயின் அச்சிரிப்பிற்கு முத்திரை வைத்தது போலாகும். அச்சொல் உண்மையுமன்று. இடம் அவனிடம் உள்ளது. இல்லாதது உரசல் மட்டுமே.

அவனைப் பார்த்துச் சிரிப்போரின் மொழிகளும் இவ்வழியே வந்தவைதாம். மலாய்மொழியின் சொந்தச் சொற்களில் பல்லும் இதழும் கூடும் ஒலி எதுவும் இல்லை. சமற்கிருதத்தின் வகரம் மலாய்க்குள் புகுந்தபோது அதற்கு அங்கே இருக்கை கிடைக்கவில்லை. சில சொற்களில் இதழ்கள் இரண்டும் மூடிக்கொண்டன: வம்சம் ‘பங்சா’ ஆயிற்று, விசாரம் ‘பிச்சாரா’ ஆயிற்று, விஷம் ‘பிசா’ ஆயிற்று. (இவற்றின் பகரம், ‘பம்பரம்’ என்பதன் இரண்டாம் பகரம்போல் குரலோடு ஒலிப்பது.) வேறு சிலவற்றில் இதழ்கள் குவிந்துகொண்டன: வர்ணம் ‘வர்ணா’ என்றும் வனிதை ‘வனித்தா’ என்றும் பல் தொடாத ஒலியோடு வழங்குகின்றன. வம்சம் இரண்டு வழியிலும் சென்று, பங்சா என்றும் வங்சா என்றும் இரண்டு சொற்களாக வாழ்கின்றது. தமிழிலிருந்து சென்ற விலங்கும் தப்பவில்லை. கைவிலங்கை மலாயில் ‘பெலெங்கு’ என்கின்றனர்.

பின்னர் இசுலாத்தோடு அரபுச் சொற்கள் வந்தன. அரபியில் பகரம் இல்லை; உரசும் ஒலி உண்டு. மலாயில் பகரம் உண்டு. உரசும் ஒலி இல்லை. எனவே கட்டாயக் கடமையைக் குறிக்கும் அரபுச் சொல் மக்கள் வாயில் தேய்ந்து ‘பெர்லு’ ஆகி, ‘தேவை’ என்னும் பொதுப்பொருளில் சந்தையிலும் அடுக்களையிலும் வழங்கலாயிற்று. அதே சொல் சமயக் கடமையைக் குறிக்குமிடத்து உரசொலி கெடாமல் ‘ஃபர்டு’ என நிற்கின்றது. தமிழ் முசுலிம்கள் அதனைப் ‘பர்ளு’ என்பர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கடல் இரு கரையிலும் வாய் ஒரே வேலையைத்தான் செய்துள்ளது. 1972ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான ரூமி எழுத்துமுறையை அறிவித்தன. அதன் பின்னும், ‘புரிதல்’ என்னும் பொருளுடைய ஒரே அரபுச் சொல்லை மலேசியர் உரசொலியோடும் இந்தோனேசியர் பகரத்தோடும் எழுதிவருகின்றனர். எவரும் எவரையும் பார்த்துச் சிரிப்பதாகத் தெரியவில்லை.

சீனரின் கதை இன்னும் சுவையானது. அவர்தம் பழைய ஒலிநூலார் இதழொலிகளைக் ‘கனத்த இதழொலி’, ‘இலேசான இதழொலி’ என இரண்டாகப் பகுத்தனர். இரண்டு இதழும் ஒட்டுவது கனத்தது. இதழும் பல்லும் கூடுவது இலேசானது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சியன் தாசின் என்னும் பேரறிஞர், தொன்மைச் சீனத்தில் இலேசான இதழொலியே கிடையாது என்று சான்று காட்டி நிறுவினார். கனத்த ஒலிகள் சில பிற்காலத்தில் இலேசாகத் திரிந்தன. புத்தரின் பெயர் மாண்டரினில் ‘ஃபோ’ என்று ஒலிப்பது இத்திரிபின் விளைவு. ஆனால் தென்கிழக்குக் கரையின் ஹொக்கியென் மொழிக்கு இன்றுவரை பல்லிதழ் ஒலி வாய்க்கவில்லை. மாண்டரின் பேசுவோர் ‘ஃபூஜியான்’ என்னும் மாநிலத்தை அம்மாநிலத்தாரே ‘ஹொக்கியென்’ என்கின்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாம் நாளும் கேட்கும் அவ்வினப் பெயரிலேயே, உரசொலி இல்லாத ஒரு வாயின் வரலாறு எழுதப்பட்டுள்ளது.

ஆங்கிலத்தையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. தந்தையைக் குறிக்கும் சொல் இலத்தீனில் பகரத்தோடு தொடங்க, அதனோடு ஒரே மூலத்திற் பிறந்த ஆங்கிலச் சொல் உரசொலியோடு தொடங்குகின்றது. இத்தகைய திரிபை 1822இல் விதியாக்கித் தந்தவர், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய உடன்பிறந்தார் இருவருள் ஒருவரான யாக்கோபு கிரிம். பகரத்திற்கும் உரசொலிக்கும் இடையே ஓரடித் தொலைவுதான். மொழிகள் இரண்டு திசையிலும் அதனைக் கடந்து சென்றுள்ளன.

பல்லொலி பற்றிய பேச்சில் பல்லைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். சார்லஸ் ஹாக்கெட் என்னும் அமெரிக்க மொழியியலார் 1985இல் ஒரு கருத்தை வெளியிட்டார். வேட்டையாடிக் காய்கனி தேடி உண்ட மாந்தருக்கு வன்மையான உணவால் பற்கள் தேய்ந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஓரத்தோடு ஓரம் சந்தித்தன. பயிரிட்டுச் சமைத்து மென்மையாக உண்டவர்க்கோ சிறுவயதில் இருந்தவாறே மேற்பற்கள் சற்று முன்தள்ளி நின்றன. அவர்க்குப் பல்லிதழ் ஒலிகள் எளிதாயின என்பது அதன் சாரம். நெடுநாள் பொருட்படுத்தப்படாத இக்கருத்தை டாமியன் பிளாசி முதலிய ஆய்வாளர் மீண்டும் எடுத்துச் சோதித்து, 2019இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர். வேட்டுவச் சமூகங்களின் மொழிகளில் காணப்படும் பல்லிதழ் ஒலிகள், உழவுச் சமூகங்களின் மொழிகளில் உள்ளவற்றின் கால்பங்கு அளவே என்பது அவர்கள் கணக்கு. இதனை ஏற்பாரும் உளர், ஐயுறுவாரும் உளர். ஒன்று மட்டும் கூறலாம்: நெடுங்காலமாகச் சோறு உண்டுவரும் மலாய்க்காரர் மொழியில் அவ்வொலி தானாகப் பிறக்கவில்லை, அவ்வாறே உண்டுவந்த தமிழர் வகரத்தோடு நின்றுவிட்டனர். உணவு வாயிலைத் திறந்துவிடலாம். உள்ளே வருவதும் வாராததும் மொழியின் விருப்பம்.

ஆசிரியர்களுக்கு இவ்வாராய்ச்சியைவிடப் பயன்படும் பல்செய்தி ஒன்று உண்டு. முதலாம் ஆண்டு மாணாக்கர்க்கு வயது ஏழு. மேல் முன்பற்கள் விழுந்து முளைக்கும் பருவம் அதுவே. வகரத்தை வாசிக்கக் கற்கும் காலத்தில் வகரத்திற்கு வேண்டிய பல் வாயில் இல்லை! இதழ் போய்த் தேடும் இடத்தில் இடைவெளிதான் இருக்கின்றது. இரண்டு இதழையும் குவித்து ஏதோ ஓர் ஒலியைப் பிள்ளை எழுப்பினால், அது கற்றல் குறைபாடன்று. சில மாதங்கள் பொறுத்தால் போதும். பல் முளைக்கும் முன்னரே ஒலியைத் திருத்தப் பிரம்பெடுத்த காலமும் பள்ளிகளில் இருந்தது. அது கழிந்தது நன்று. பல்லிழந்த பாட்டியார் ‘வாடா’ என்றழைப்பதை எந்தப் பேரனும் புரிந்துகொள்ளாமல் நிற்பதில்லை.

இனி எழுத்திற்கு வருவோம். இவ்வுரசொலியை எழுத, பகரத்தின் முன் ஆய்தம் இடும் வழக்கம் அச்சுலகில் பரவிவிட்டது. மரபறிந்தார் இதனை மறுப்பதில் நேர்மை உண்டு. ஆய்தம் குற்றெழுத்தின் பின்னும் வல்லின உயிர்மெய்யின் முன்னும் நிற்பதே முறை. ‘எஃகு’, ‘அஃது’ என்பவற்றிற் போல. சொல்லின் முதலில் அதற்கு இடமே இல்லை. வடவெழுத்தைத் துணைக்கழைக்கவும் வழியில்லை. கிரந்தத்திலும் இவ்வொலிக்கு எழுத்துக் கிடையாது, ஏனெனில் சமற்கிருதத்திலேயே அவ்வொலி இல்லை. ஆயினும் ஆய்தல் என்பதற்கு நுணுகுதல் என்னும் பொருள் உண்டு. வெடித்து வரும் பகரத்தின் காற்றை நுணுக்கி ஒழுகவிடுவதற்கு ஓர் அடையாளம் வேண்டுமெனில், ஆய்தம் பொருத்தமற்ற தேர்வன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலாயை அரபு எழுத்தில் எழுதத் தொடங்கியோர்க்கு நேர்ந்தது நம் இடருக்கு நேரெதிரான இடர். அரபு நெடுங்கணக்கில் உரசொலிக்கு எழுத்து உண்டு, பகரத்திற்கு இல்லை. அவர்கள் என் செய்தனர்? உரசொலியின் எழுத்தை எடுத்து, அதன் தலைமேலிருந்த ஒரு புள்ளிக்குப் பதிலாக மூன்று புள்ளிகளை இட்டு ஜாவியின் பகரத்தை ஆக்கிக்கொண்டனர். நாமோ பகரத்தை எடுத்து, அதன் முன் ஆய்தமாகிய மூன்று புள்ளிகளை இட்டு உரசொலியை ஆக்கிக்கொண்டோம். ஒரே நாட்டின் இரண்டு எழுத்துமுறைகள், ஒரே மூன்று புள்ளிகளால், எதிரெதிர்த் திசையில் ஒரே ஓரடியைத் தாண்டியிருக்கின்றன.

ஆதலின் எழுத்தில் நடுநிலை வேண்டும். ‘காப்பி’ நம் சொல்லாகிப் பல தலைமுறை ஆயிற்று. அதில் உரசொலியைத் திணிப்பது வீண். ஒருவருடைய பெயரை அவர் விரும்புமாறு எழுதவும், மின்விசிறியைத் தலைப்பேனிலிருந்து பிரிக்கவும் ஆய்தத்தைப் பயன்கொண்டால் தமிழுக்கு இழுக்கு வந்துவிடாது. தமிழ்ச்சொல் இருக்குமிடத்து இச்சிக்கலே இல்லை என்பதும் உண்மை. மின்விசிறி என்றே எழுதலாம். ஆனால் மாணவன் மலாயும் ஆங்கிலமும் பேசும்போது தமிழெழுத்து அவனுக்குத் துணை வாராது. அங்கே வாய்தான் பழக வேண்டும்.

அதற்கு வேண்டுவன ஒரு சிறு கண்ணாடியும் ஒரு துண்டுத் தாளும். முதலில் பிள்ளையை ‘வா’ என்று சொல்லச் செய்து, கீழிதழ் எங்கே செல்கின்றது என்று கண்ணாடியில் காணச் செய்ய வேண்டும். அவ்விடத்திலேயே இதழை நிறுத்தி, குரலை விடுத்துக் காற்றை மட்டும் ஊதச் சொல்ல வேண்டும். உரசொலி வந்துவிடும்! பகரத்தை ஒரு கணத்திற்கு மேல் நீட்ட முடியாது. இதனையோ மூச்சு உள்ளளவும் நீட்டலாம். இதழ்முன் பிடித்த தாள், பகரத்தின்போது ஒருமுறை துள்ளி அடங்கும். உரசொலியின்போது விடாது படபடக்கும். பின்னர்த் தொண்டையில் விரல் வைத்து அதிர்வையும் சேர்த்துக்கொண்டால் ஆங்கிலத்தின் ‘வி’ கிடைக்கும். பல்லைத் தொடாது இதழ்களைக் குவித்தால் ‘டபிள்யூ’ கிடைக்கும். அனைத்தும் ‘வா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழியிலிருந்து தொடங்குகின்றன. அரைமணி நேரத்தில் வகுப்பில் பாதிப்பேர் பிடித்துக்கொள்வர்.

அடுத்த இரண்டொரு நாளைக்கு ஆசிரியர் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். புதிதாகக் கிடைத்த ஒலியின் மகிழ்ச்சியில் பிள்ளைகள் அதனைக் கண்ட இடமெல்லாம் இறைப்பர். பழம் ‘ஃபழம்’ ஆகும், பள்ளிக்கூடம் ‘ஃபள்ளிக்கூடம்’ ஆகும். அப்போது அதே கண்ணாடியை மீண்டும் எடுக்க வேண்டியதுதான். இம்முறை இரண்டு இதழையும் ஒட்டிக் காட்டுவதற்கு.